எரிபொருள் நிரப்பாத ராக்கெட்டில் தீப்பிடித்தது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967 ஜனவரியில், நிலவுக்குப் போகும் அமெரிக்கத் திட்டமான அப்போலோவின் முதல் குழு, அதாவது அப்போலோ 1 விண்வெளி வீரர்கள் மூவர் ஏவுதளத்தில், தரையைவிட்டுக் கிளம்பாத கலத்துக்குள்ளேயே இறந்துபோனார்கள். அன்று ராக்கெட்டில் எரிபொருளே நிரப்பவில்லை. பிறகு எப்படித் தீப்பிடித்தது? கதவைத் திறந்துகொண்டு ஏன் வெளியே வரவில்லை? ரஷ்யாவை முந்தவேண்டும் என்ற அவசரம்தான் காரணமா?

அவசரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் என் கணிப்பில் அதைவிடப் பெரிய காரணம் அதுவரை கிடைத்திருந்த வெற்றிகள்தான். அப்போலோவுக்கு முந்தைய திட்டங்களான மெர்க்குரியில் ஆறு, ஜெமினியில் பத்து என்று பதினாறு முறை ஆட்கள் போய்த் திரும்பியிருந்தார்கள். பதினாறு முறையும் கேபினுக்குள் இருந்தது சுத்த ஆக்சிஜன். பதினாறு முறையும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அப்போலோ வந்தபோது, அது ஆபத்து என்று சொன்னவர்களின் பேச்சு எடுபடவில்லை.

நான் தொழிற்சாலையில் அழுத்தக் கலன்களைச் சோதிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவன். அதனாலோ என்னவோ, இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் கண் கதவுகள்மேல்தான் போகும். மூடிய பாத்திரத்துக்குள் ஒரு மனிதனை வைத்தால், அவன் உயிர் அந்தக் கதவில்தான் இருக்கிறது. இறந்த மூவரில் ஒருவரான கஸ் கிரிஸ்ஸம் என்ற மனிதரின் வாழ்க்கையில் அப்படி ஒரு கதவு முன்பும் வந்திருக்கிறது. அங்கிருந்து வந்தால்தான் 1967 புரியும்.

நாசா 1958 அக்டோபர் 1 அன்று வேலையைத் தொடங்கியது. ஆறே மாதத்தில், 1959 ஏப்ரலில், ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து உலகத்தின் முன் நிறுத்தினார்கள். ஏழு பேரும் ராணுவத்தின் சோதனை விமானிகள். கிரிஸ்ஸம் கொரியப் போரில் நூறு முறை போர் விமானத்தில் பறந்தவர், இந்தியானா மாநிலத்தில் மிட்செல் என்ற சின்ன ஊர்க்காரர், அதிகம் பேசாதவர். ஆள் தயார். ராக்கெட்தான் தயாராக இல்லை. 1960 நவம்பர் 21 அன்று ஆளில்லாத மெர்க்குரி கலத்தைத் தலையில் வைத்த ரெட்ஸ்டோன் ராக்கெட் நாலு அங்குலம் எழும்பியது, இன்ஜின் நின்றது, அப்படியே மேடைமேல் உட்கார்ந்துவிட்டது. ஆபத்து வந்தால் கலத்தைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போக மேலே வைத்திருந்த தப்பிக்கும் ராக்கெட் மட்டும் தனியாகப் பிய்த்துக்கொண்டு பறந்தது. அப்புறம் கலத்தின் பாராசூட்டுகள் வெளியே வந்து தொங்கின. முழு எரிபொருளோடு நிற்கும் ராக்கெட்டின்மேல் பாராசூட் ஆடுகிறது. காற்று பலமாக அடித்தால் கவிழ்த்துவிடும். யாரும் பக்கத்தில் போகமுடியாமல் மறுநாள் வரை காத்திருந்தார்கள். காரணம் என்னவென்றால், ராக்கெட்டின் அடியில் கழன்றுகொள்ளவேண்டிய இரண்டு மின் இணைப்புகள் வரிசை மாறிக் கழன்றிருந்தன. அவ்வளவுதான்.

1961 ஜனவரி 31 அன்று ஹாம் என்ற சிம்பன்சி பறந்தது. இன்ஜின் தேவைக்குமேல் உந்தியதால் திட்டமிட்டதைவிட உயரமாகப் போய், வெகுதூரம் தள்ளி விழுந்தது. உயிரோடு மீட்டார்கள். அடுத்தது அந்த ஏழு பேரில் ஒருவரான ஆலன் ஷெப்பர்ட் போவதாக இருந்தது. ராக்கெட்டை உருவாக்கிய குழுவின் தலைவர் வெர்னர் ஃபான் பிரௌன் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு முறை ஆளில்லாமல் அனுப்பிப் பார்த்துவிடலாம் என்றார். மார்ச் 24 அன்று அந்தச் சோதனை குறையில்லாமல் முடிந்தது. பத்தொன்பது நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று, ரஷ்யாவின் யூரி ககாரின் பூமியைச் சுற்றிவந்தார். ஷெப்பர்டின் முறை மே 5 அன்றுதான் வந்தது, அதுவும் பதினைந்து நிமிடம் மேலே போய்க் கீழே வரும் பயணம். நிதானமாக இருந்ததால் முதலிடம் போனது என்ற எண்ணம் நாசாவுக்குள் ஆழமாகப் பதிந்தது. நிதானம் சரியாகத்தான் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த வடு பிறகு வந்த முடிவுகளில் தெரிகிறது. ஷெப்பர்ட் இறங்கி இருபது நாளில், இந்தப் பத்தாண்டுக்குள் நிலவில் மனிதனை இறக்குவோம் என்று கென்னடி அமெரிக்க நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அப்போது அமெரிக்காவின் கையில் இருந்த மொத்த அனுபவம் அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

இரண்டாவதாகப் போனவர் கிரிஸ்ஸம். 1961 ஜூலை 21, கலத்தின் பெயர் லிபர்ட்டி பெல் 7. ஷெப்பர்டின் கலத்தில் இருந்த கதவு சுமார் 31 கிலோ எடையுள்ள, தாழ் போட்டுத் திறக்கும் கதவு. எடையைக் குறைப்பதற்காக கிரிஸ்ஸம் கலத்தில் 10 கிலோ அளவுள்ள புது வகைக் கதவை வைத்தார்கள். அதை 70 போல்ட்டுகள் பிடித்திருக்கும். உள்ளே ஒரு குமிழை அழுத்தினால் சிறு வெடிமருந்து எல்லா போல்ட்டையும் ஒரே நேரத்தில் அறுத்துக் கதவைத் தூக்கி எறிந்துவிடும்.

பயணம் நன்றாகவே முடிந்தது. கலம் கடலில் மிதக்கிறது, ஹெலிகாப்டர் வந்துகொண்டிருக்கிறது, கிரிஸ்ஸம் படுத்தபடி காத்திருக்கிறார். திடீரென்று ஒரு சத்தம். கதவைக் காணோம். அலை உள்ளே புகுந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு வெளியே நீந்தினார். விண்ணுடையின் ஆக்சிஜன் குழாய் பொருந்தும் துளை மூடப்படாமல் இருந்ததால் உடைக்குள் தண்ணீர் ஏறியது. நினைவுப் பரிசாகக் கொடுக்க எடுத்துப்போயிருந்த நாணயச் சுருள்கள் வேறு காலில் கனத்தன. ஹெலிகாப்டர்காரர்கள் அவர் மிதக்கிறார் என்று நினைத்துக் கலத்தைத் தூக்கப் பார்த்தார்கள், அவரோ மூழ்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் நிறைந்த கலத்தைத் தூக்க முடியாமல் கடைசியில் அதைக் கைவிட்டார்கள். இரண்டாவது ஹெலிகாப்டர் அவரை மீட்டது. கலம் அட்லாண்டிக்கின் அடியில், 4,500 மீட்டருக்கும் கீழே போய்ச் சேர்ந்தது.

பயந்துபோய் அவரே குமிழை அழுத்தியிருப்பார் என்று பேச்சு எழுந்தது. தான் தொடவில்லை என்று கிரிஸ்ஸம் சாகும்வரை சொன்னார். நான் அவரை நம்புகிறேன். அதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. 1962 அக்டோபரில் அந்த ஏழு பேரில் இன்னொருவரான வாலி ஷிர்ரா தன் பயணம் முடிந்து, கலம் கப்பல்மேல் ஏற்றப்பட்ட பிறகு, வேண்டுமென்றே அந்தக் குமிழை அழுத்திக் கதவைத் திறந்தார். குமிழ் திருப்பி அடித்ததில் கையுறைக்குள்ளேயே அவர் கையில் காயம். கிரிஸ்ஸம் கையிலோ உடலிலோ அப்படி ஒரு தடமும் இருந்ததில்லை. நாசாவின் விசாரணையும் அவர்மேல் குற்றம் காணவில்லை. ஜெமினியின் முதல் ஆள் பயணத்தையே அவர் தலைமையில் கொடுத்தார்கள். ஆனால் ‘தானாகத் திறந்துகொள்ளும் கதவு’ என்ற பயம் மட்டும் எல்லார் மனதிலும் தங்கிவிட்டது.

நடுவில் வந்த வெற்றிகளை வேகமாகச் சொல்கிறேன். 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றினார். வெப்பக் கவசம் கழன்றுவிட்டது என்று கட்டுப்பாட்டு அறையில் ஒரு சமிக்ஞை காட்டியது. உண்மையென்றால் இறங்கும்போது அவர் சாம்பல். கவசத்தை வாரால் இறுக்கிப் பிடித்திருந்த சிறு ராக்கெட் தொகுப்பைக் கழற்றாமல் இறங்கச் சொன்னார்கள். அது எரிந்து துண்டுதுண்டாக ஜன்னல் ஓரம் பறப்பதை அவர் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் பார்த்தால் கவசம் சரியாகத்தான் இருந்திருக்கிறது; தவறு உணரியில். 1963 மே மாதம் கார்டன் கூப்பர் 22 சுற்று போனபோது மின்சாரம் ஒவ்வொன்றாகச் செத்தது. கைக்கடிகாரத்தையும் ஜன்னலில் கிழித்த கோட்டையும் வைத்துக்கொண்டு கையாலேயே ஓட்டி, மீட்புக் கப்பலுக்குச் சில கிலோமீட்டர் பக்கத்தில் இறங்கினார். எப்பேர்ப்பட்ட ஆட்கள்! இப்படி ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று கெட்டது, ஒவ்வொரு முறையும் மனிதத் திறமை அதைச் சமாளித்தது. கெட்டதைக் கேட்டவர்களைவிடச் சமாளித்ததைக் கொண்டாடியவர்கள் அதிகம்.

இரண்டாவது கதவு, 1967ல் கிரிஸ்ஸமோடு இறந்த எட் ஒயிட்டுடையது. 1965 ஜூன் 3, ஜெமினி 4. அமெரிக்கர் ஒருவர் விண்வெளியில் நடந்தது அதுவே முதல் முறை. கறுப்பு வானம், நீலப் பூமி, நடுவில் தங்க நிறக் கயிற்றில் மிதக்கும் மனிதன் என்று அந்தப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாத விஷயம், அந்தக் கதவு முதலில் திறக்க மறுத்தது. பிறகு மூட மறுத்தது. பூட்டின் உள்ளே ஒரு ஸ்பிரிங் சிக்கியிருந்தது. கூட இருந்த ஜிம் மெக்டிவிட் தரையில் நடந்த சோதனையில் இதே கோளாறைப் பார்த்து, அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தொழில்நுட்பப் பணியாளரோடு உட்கார்ந்து தெரிந்துகொண்டவர். அந்த அறிவுதான் இருவரையும் காப்பாற்றியது. மூட முடியாமல் போயிருந்தால் இருவருமே திரும்பியிருக்க முடியாது. ஒயிட் அந்தக் குழுவிலேயே அதிக உடல்பலம் கொண்டவர். 1952 ஒலிம்பிக் தடை ஓட்டத்துக்கான வாய்ப்பைக் கொஞ்சத்தில் தவறவிட்டவர். அவருக்கே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறியது. கதவு ஒருவழியாக மூடியது. அதன் பிறகு அதை மறுபடி திறக்கும் திட்டத்தையே கைவிட்டார்கள். பத்திரிகைகளில் வந்தது விண்வெளி நடை மட்டும்தான்.

அதே வருடம் டிசம்பர் 12. ஜெமினி 6 கிளம்பும் நொடி. இன்ஜின்கள் பற்றின, ஒன்றரை நொடிக்குள் நின்றன. விதிப்படி ஷிர்ரா தன் கால்களுக்கிடையில் இருக்கும் வளையத்தை இழுக்கவேண்டும். இருக்கைகள் இருவரையும் வெளியே தூக்கி எறியும். ராக்கெட் அசையவில்லை என்று அவர் உடம்பு சொன்னது, இழுக்காமல் இருந்தார். மூன்று நாள் கழித்து அதே ராக்கெட்டில் போய், ஜெமினி 7 கலத்துக்கு ஒரு அடி தூரம் வரை நெருங்கிக் காட்டினார்கள். இதை எல்லாரும் ஷிர்ராவின் துணிச்சல் கதையாகத்தான் சொல்வார்கள். கூட இருந்த டாம் ஸ்டாஃபோர்ட் பல வருடம் கழித்துச் சொன்னது வேறு. ஒன்றரை மணி நேரம் சுத்த ஆக்சிஜனில் ஊறிய உடையோடு அந்த இருக்கைகளின் ராக்கெட் பற்றியிருந்தால், வாணவேடிக்கைபோல் எரிந்துகொண்டே போயிருப்போம் என்றார். அபாயம் அப்போதே கண்ணெதிரே நின்றிருக்கிறது. வளையம் இழுபடாததால் தெரியவில்லை.

1966 இன்னும் கடுமையான வருடம். பிப்ரவரி 28 அன்று எலியட் சீ, சார்லஸ் பாசெட் இருவரும் மோசமான வானிலையில் செயின்ட் லூயிஸில் இறங்கப் பார்த்தபோது அவர்களுடைய பயிற்சி விமானம் ஒரு கட்டடத்தில் மோதியது. அந்தக் கட்டடத்துக்குள்தான் அவர்கள் போகவிருந்த ஜெமினி 9 கலம் உருவாகிக்கொண்டிருந்தது. மார்ச் 16 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவ் ஸ்காட்டும் உலகத்திலேயே முதல் முறையாக இரண்டு கலங்களை விண்வெளியில் இணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு உந்துகருவி நிற்காமல் எரிய, கலம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு சுற்று சுழன்றது. மயக்கம் வரும் விளிம்பில் ஆம்ஸ்ட்ராங் வேறு உந்துகருவிகளை இயக்கி நிறுத்தினார். நவம்பரில் ஜெமினி முடிந்தபோது, நிலவுக்குப் போகத் தேவையான பாடங்களில் பெரும்பாலானவற்றை அமெரிக்கர்கள் படித்து முடித்திருந்தார்கள். ரஷ்யர்கள் அந்த வருடம் முழுவதும் ஒருவரைக்கூட அனுப்பவில்லை. முந்திவிட்டோம் என்ற உணர்வு உண்மைதான். அந்த உணர்வோடுதான் ஜனவரி பிறந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் ஆக்சிஜன். வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆக்சிஜன் சிலிண்டர் வால்வை எண்ணெய்க் கையோடு தொட்டால் முதுகில் அடி விழும். ஆக்சிஜன் தானாக எரியாது, மற்றதை எரியவைக்கும். சாதாரணக் காற்றில் பொசுங்கி அணைந்துபோகும் துணி, சுத்த ஆக்சிஜனில் குப்பென்று பற்றும்.

இது தெரிந்தும் ஏன் பயன்படுத்தினார்கள் என்றால், விண்வெளியில் அதற்கு நல்ல காரணம் இருந்தது. அங்கே கேபின் அழுத்தத்தை 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு) அளவில், அதாவது நம் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் போதும். ஒரே வாயு, ஒரே தொட்டி, லேசான சுவர், எளிய கருவிகள். நைட்ரஜனையும் கலக்கப் போனால் எடை கூடும், அளவு தவறினால் ஆள் மயங்குவார். 1960ல் மெர்க்குரி கேபின் சோதனையில் நைட்ரஜன் கசிந்து ஒரு சோதனை விமானி நினைவிழந்தும் இருக்கிறார். ஆகவே சுத்த ஆக்சிஜன் என்று முடிவெடுத்தது முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

தவறு தரையில்தான் நடந்தது. கேபின் கசிகிறதா என்று தரையில் பார்க்க, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகமாக இருக்கவேண்டும். அதனால் 16.7 பிஎஸ்ஐ வரை சுத்த ஆக்சிஜனை ஏற்றினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் ஆக்சிஜன் அந்தக் கேபினில் அடைபட்டிருந்தது. அந்த அளவில் அலுமினியம்கூட எரியும். கேபினுக்குள்ளோ நைலான் வலைகள், வெல்க்ரோ பட்டைகள், நுரைப் பஞ்சுகள், கிலோமீட்டர் கணக்கில் கம்பிகள். மெர்க்குரியிலும் ஜெமினியிலும் இதே முறைதான் என்று சொன்னேன் அல்லவா. அப்போலோ கேபின் அவற்றைவிடப் பல மடங்கு பெரியது, எரியக்கூடியதும் பல மடங்கு. முறை மட்டும் மாறவில்லை.

இரண்டாவது, கதவு. நிலவிலிருந்து திரும்பும் கலத்துக்குக் கதவு தற்செயலாகத் திறந்தால் மரணம். கலத்தைக் கட்டிய நார்த் அமெரிக்கன் நிறுவனம் வெளியே திறக்கும், வெடித்து விலகும் கதவைச் சொன்னபோது நாசா ஏற்கவில்லை. லிபர்ட்டி பெல் நினைவும் அதற்கு ஒரு காரணம். கடைசியில் வந்தது மூன்றடுக்குக் கதவு. அதில் உள்கதவு உள்பக்கமாகத் திறப்பது. நம் வீட்டில் மூடியை உள்ளே விட்டு மாட்டும் குக்கர் இருக்கிறதே, அதே தத்துவம். உள்ளே அழுத்தம் ஏறஏற மூடி இன்னும் இறுகும். விசில் இறங்கும்வரை யாராலும் திறக்கமுடியாது. கசிவு தடுக்க அதைவிட நல்ல வடிவம் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே அதைத் திறந்து வெளியேற 90 நொடி ஆகும் என்று வைத்திருந்தார்கள்.

மூன்றாவது ஒரு காகித விஷயம். என்னை இன்றைக்கும் தூங்கவிடாதது அதுதான். ராக்கெட்டில் எரிபொருள் இல்லை என்பதால் அன்றைய சோதனை ஆபத்தில்லாத சோதனை என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. ஆகவே தீயணைப்பு ஆட்கள் தயார் நிலையில் இல்லை, மருத்துவர்கள் இல்லை, அந்தத் தளத்தில் இருந்தவர்களிடம் அடர்ந்த புகைக்குத் தாங்கும் முகமூடி இல்லை. நீங்கள் கேட்ட ‘எரிபொருள் இல்லாதபோது எப்படி’ என்ற அதே எண்ணம்தான் அன்று அந்தப் படிவத்தை நிரப்பியவர்கள் மனதிலும் இருந்திருக்கிறது.

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. 1965 பிப்ரவரியில் வாஷிங்டனில், கடற்படையின் முக்குளிப்புச் சோதனைக் கூடத்தில், ஆக்சிஜன் மிகுந்த அழுத்த அறையில் தீப்பிடித்து இருவர் இறந்தார்கள். 1966 ஆகஸ்டில் அப்போலோ 1 வீரர்களே கேபினில் எரியும் பொருள்கள் அதிகம் என்று திட்ட மேலாளர் ஜோ ஷேயிடம் சொன்னார்கள். மூவரும் கலத்தின் மாதிரி முன்னால் தலைகுனிந்து கைகூப்பிப் பிரார்த்திக்கும் ஒரு படத்தையும் அவருக்குக் கொடுத்தார்கள். உங்களை நம்பாமல் இல்லை, இந்த முறை உங்களுக்கும் மேலே இருப்பவரிடம் கேட்டுக்கொள்கிறோம் என்ற பொருளில் எழுதி. ஷே அந்தப் பொருள்களை எடுக்கச் சொன்னார். சொன்னது நடந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. மட்டமான காரை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள். 1967 ஜனவரியில் கிரிஸ்ஸம் தன் வீட்டு மரத்தில் ஒரு எலுமிச்சையைப் பறித்துக்கொண்டுபோய்ப் பயிற்சிக் கலத்தில் தொங்கவிட்டார்.

ஜனவரி 27, வெள்ளிக்கிழமை, கேப் கென்னடியில் 34ஆம் ஏவுதளம். பிற்பகல் ஒரு மணிக்கு கிரிஸ்ஸம், ஒயிட், ரோஜர் சாஃபி மூவரும் உள்ளே போனார்கள். சாஃபிக்கு வயது 31, இன்னும் ஒரு முறைகூடப் பறக்காதவர். ஷே தானும் அவர்களோடு உள்ளே உட்காருவதாக ஒரு யோசனை இருந்தது. அவருக்குத் தலையணிக் கருவி இணைக்க வசதியில்லாததால் ஹூஸ்டனுக்குத் திரும்பிவிட்டார். தன் உடைக்குள் புளித்த மோர் வாசனை வருகிறது என்று கிரிஸ்ஸம் சொல்ல, ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிறுத்திப் பார்த்தார்கள். அது தீக்குச் சம்பந்தமில்லாதது என்று பிறகு தெரிந்தது. அப்புறம் கதவுகளைப் பூட்டி ஆக்சிஜன் ஏற்றினார்கள். மாலையில் பேச்சுத் தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. இரண்டு மூன்று கட்டடத்துக்கு நடுவில் பேசமுடியவில்லையே, நிலவுக்கு எப்படிப் போகப்போகிறோம் என்று கிரிஸ்ஸம் சலித்துக்கொண்ட குரல் ஒலிநாடாவில் இருக்கிறது.

6 மணி 31 நிமிடம். தீ என்று ஒரு குரல். அடுத்த சில நொடிகளில் கேபினில் தீ என்று இன்னொரு தெளிவான அறிவிப்பு. முதல் குரலிலிருந்து கடைசிச் சத்தம் வரை மொத்தம் 17 நொடி. பதினைந்தாவது நொடியிலேயே கேபின் சுவர் வெடித்துவிட்டது. அந்தக் கணத்தில் உள்ளே அழுத்தம் 29 பிஎஸ்ஐ, வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்கு. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு கிலோ பாரம் என்று வைத்தால், சில ஆயிரம் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கதவை உள்ளே இழுக்கப் பல டன் விசை வேண்டும். ஒலிம்பிக் பலம் இருந்தாலும் ஒயிட் என்ன செய்வார்? அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு கிரிஸ்ஸம் பக்கம் இருந்தது. தீ பரவியதும் அந்தப் பக்கம்தான். அந்த வால்வும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கக்கூடியது அல்ல. வெளியே இருந்த பணியாளர்கள் புகையில் மூச்சுத் திணறி விழுந்து எழுந்து மறுபடி மறுபடி ஓடிவந்தார்கள். உச்சியில் இருக்கும் தப்பிக்கும் ராக்கெட் எந்த நிமிடமும் பற்றலாம் என்று தெரிந்தும் வந்தார்கள். மூன்று கதவையும் திறக்க ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆனது. மூவரும் இறந்தது தீக்காயத்தால் அல்ல, நச்சுப் புகையால்.

கம்பி எங்கே பொறி தட்டியது என்று விசாரணைக் குழுவால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. அதிகம் சந்தேகப்பட்டது கிரிஸ்ஸம் இருக்கையின் கீழ்ப்பக்கம் போன ஒரு கம்பிக் கட்டு. அங்கே இருந்த ஒரு சிறு அறையின் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, அதன் விளிம்பு கம்பியின் உறையைத் தேய்த்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கலத்துக்குள் யாரோ மறந்து விட்டுப்போன ஒரு சாக்கெட் ஸ்பேனர் தலையும் கிடைத்தது. அது தீக்குக் காரணம் இல்லை. ஆனால் வேலை எந்த லட்சணத்தில் நடந்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். குழுவில் இருந்த விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் நாடாளுமன்றத்தில், தரையில் இப்படி நடக்கும் என்று யாரும் கற்பனை செய்யத் தவறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். நேர்மையான பேச்சு. ஆனாலும் எனக்கு அது முழுதாக ஏற்புடையதாக இல்லை. வாஷிங்டன் தீயில் இறந்த இருவரின் கதை கற்பனை இல்லையே. அப்போலோ தீ நடந்து நாலாம் நாள், ஜனவரி 31 அன்று, டெக்சாஸில் விமானப்படையின் ஆக்சிஜன் அறை ஒன்றில் மறுபடி தீப்பிடித்து இன்னும் இருவர் இறந்தார்கள்.

ரஷ்யாவிலும் இதே மரணம் நடந்திருந்தது. 1961 மார்ச் 23 அன்று, ககாரின் பறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, வாலன்டின் பொண்டரென்கோ என்ற 24 வயது விண்வெளிப் பயிற்சியாளர் ஆக்சிஜன் மிகுந்த தனிமை அறையில், சாராயம் நனைத்த பஞ்சை மின் அடுப்பின்மேல் தவறவிட்டார். அழுத்தம் குறையும்வரை கதவைத் திறக்கமுடியவில்லை. 1986 வரை அது வெளியே சொல்லப்படவில்லை. தெரிந்திருந்தால் அமெரிக்கர்கள் மாறியிருப்பார்களா? சொந்த நாட்டில் நடந்ததையே கேட்காதவர்கள் மாறியிருப்பார்கள் என்று என்னால் உறுதி சொல்லமுடியாது.

அடுத்த இருபது மாதத்துக்கும் மேல் அப்போலோவில் ஒருவரும் பறக்கவில்லை. கலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் செய்தார்கள். தரையில் 60 பங்கு ஆக்சிஜனும் 40 பங்கு நைட்ரஜனும். மேலே போகப்போக நைட்ரஜனை வெளியேற்றுவது. நைலான் உடைக்குப் பதில் எரியாத கண்ணாடியிழைத் துணி. கம்பிகளுக்குக் காப்பு உறை. கதவு ஒன்றே ஒன்று, வெளிப்பக்கமாக, சில நொடிகளில் திறப்பது. 1968 அக்டோபர் 11 அன்று ஷிர்ரா தலைமையில் அப்போலோ 7 கிளம்பியது, அதே 34ஆம் ஏவுதளத்திலிருந்து. ஷிர்ரா, கிரிஸ்ஸம் குழுவுக்கு மாற்றாக இருந்தவர். அந்தப் பயணம் முழுக்க அவர் தரைக் கட்டுப்பாட்டோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தார் என்று குறை சொல்வார்கள். என்னால் அவரைக் குறை சொல்லமுடியவில்லை.

அந்த மூவர் இறந்ததால்தான் நிலவு கைக்கு வந்தது என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தீ இல்லாவிட்டால் கலத்தைப் பிரித்துப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தை என் வாயால் சொல்ல வரவில்லை. சரிசெய்யத் தேவையான அறிவு தீக்கு முன்பே இருந்தது. அதற்கு மூன்று உயிர் விலையாக இருந்திருக்கவேண்டியதில்லை.

1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கிய பிறகு ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் வெளியே போகக் கதவைத் திறக்கப் பார்த்தார்கள். நிலவுக் கலத்தின் கதவும் உள்பக்கமாகத் திறப்பதுதான். கேபினிலிருந்து காற்றை வெளியேற்றியும், மிச்சம் இருந்த துளியூண்டு அழுத்தம் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் காத்திருந்து, கடைசியில் கதவின் ஓரத்தைக் கையால் நெம்பி இழுத்துத்தான் திறந்தார்கள். திரும்பி ஏறும்போது ஆல்ட்ரின் ஒரு சின்னப் பையை நிலவில் போட மறந்துவிட்டார், ஆம்ஸ்ட்ராங் ஞாபகப்படுத்தினார். மேலிருந்து தரையில் போட்ட அந்தப் பையில், விண்வெளிக்குப் போன ரஷ்யர்கள் ககாரின், கொமரோவ் இருவரின் பதக்கங்களோடு அப்போலோ 1 குழுவின் சின்னம் பொறித்த துணியும் இருந்தது.

லிபர்ட்டி பெல் 7 கலத்தை 1999 ஜூலை 20 அன்று கடலடியிலிருந்து தூக்கினார்கள். அதன் கதவு மட்டும் கிடைக்கவில்லை. அப்போலோ 1 கலத்தின் மூன்றடுக்குக் கதவு ஐம்பது வருடம் பூட்டிவைத்த கிடங்கில் இருந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு 2017 ஜனவரி 27 முதல் கென்னடி விண்வெளி மையத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.